விரல்நுனியில் ஒரு சிவப்பு ஒளி

ஆக்சிஜனை ஏற்றிய ரத்தம் பளிச்சென்ற சிவப்பு. அதை இறக்கிவிட்டுத் திரும்பும் ரத்தம் கருஞ்சிவப்பு. இந்த நிற வேறுபாட்டை அளப்பதுதான் பல்ஸ் ஆக்சிமீட்டரின் வேலை. விரலைக் கவ்வும் கிளிப்பின் மேல்பக்கத்தில் இரண்டு எல்.இ.டி. விளக்குகள்: 660 நானோமீட்டர் சிவப்பு ஒன்று, 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒன்று. கீழே ஓர் ஒளியுணரி. ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் சிவப்பொளியை அதிகம் விழுங்கும், ஏற்றது அகச்சிவப்பை.

ஆனால் தோலும் எலும்பும் சிரை ரத்தமும்கூட ஒளியை விழுங்குகின்றன. அவற்றை எப்படிக் கழிப்பது? ஜப்பானின் நிஹான் கோடன் நிறுவனப் பொறியாளர் தக்குவோ அவோயாகி 1974இல் வழி சொன்னார். துடிப்புக்குத் துடிப்பு பொங்கி வடிவது தமனி ரத்தம் மட்டுமே. காதில் ஒளி பாய்ச்சி வேறொன்றை அளந்துகொண்டிருந்த அவருக்கு அந்தச் சிற்றலை முதலில் தொல்லையாகத்தான் இருந்தது. அலையாடும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால் மற்றதெல்லாம் கழிந்துவிடும் என்று கண்டது அழகான கண்டுபிடிப்பு.

அதனால் திரையில் எண்ணுக்கு முன்னால் அலையைப் பார்க்க வேண்டும். விரல் சில்லிட்டுப் போனால் அலை படுத்துவிடும். அப்போது வரும் எண்ணை நம்ப முடியாது. கையைத் தேய்த்துச் சூடேற்றி மறுபடி மாட்டுவதே முறை. நகப்பூச்சும் அளவைக் கெடுக்கும். மூடிய அறையில் ஜெனரேட்டர் புகையைச் சுவாசித்தவருக்கு ஆபத்து இன்னும் பெரிது: கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் இரு நிறக் கருவி ஆக்சிஜன் ஏறியதாகவே எண்ணி, நல்ல அளவையே காட்டும். கூடுதல் அலைநீளங்களைப் பயன்படுத்தும் புதிய கருவிகள் இரண்டையும் பிரித்தறிகின்றன.

கணக்குப்படி தோலின் மெலனினும் கழிந்துவிட வேண்டும்; நடைமுறையில் முழுக்கக் கழிவதில்லை. கருவி ஆக்சிஜன் செறிவு 92 முதல் 96 சதவீதம் என்று காட்டியபோது உண்மையில் 88க்குக் கீழே இருந்த அளவுகள் கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீதம், வெள்ளையரிடம் 3.6 சதவீதம் என்று 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. நோயாளிக்கு ஆக்சிஜன் தேவை என்பதே மறைந்துபோகும் பிழை இது.

காரணத்தின் ஒரு பகுதி அளவுத்திருத்தத்தில் இருக்கிறது. தன்னார்வலர்களுக்கு ஆக்சிஜன் குறைந்த காற்றைக் கொடுத்து, தமனி ரத்தம் எடுத்துச் சோதித்து, அதோடு கருவியின் அளவை ஒப்பிட்டு அட்டவணை போடுகிறார்கள். அமெரிக்காவின் 2013 வழிகாட்டுதலுக்குப் பத்துப் பேரே போதும். அதில் கருந்தோலினர் இருவர் இருந்தால் சரி. 2025 ஜனவரி வரைவு 150 பேரையாவது கேட்கிறது.

காஞ்சிபுரம் மாவட்டம் ஒரகடத்தில் 350 ஏக்கரில் தமிழக அரசின் சிப்காட் நிறுவனம் உருவாக்கும் மருத்துவக் கருவிகள் பூங்காவுக்கு இந்த அளவுத்திருத்தம்தான் முக்கியம். விளக்கையும் உணரியையும் எங்கிருந்தும் வாங்கிப் பொருத்திவிடலாம். அட்டவணை மட்டும், கருவியை மாட்டப்போகும் மாநிறத்திலும் கருநிறத்திலும் உள்ள விரல்களில் அளந்து போட்டதாக இருக்க வேண்டும்.