கூடாரக் கம்பு ஒடியலாமா?

கம்பைநல்லூர்ப் பக்கம் நிலக்கடலையைக் களத்தில் காய வைத்தால், இரவில் ஒருவர் காவல் படுக்க வேண்டும். ஒரு தார்ப்பாய், நடுவில் ஒரு கம்பு. கூடாரம் தயார்!

நள்ளிரவில் காற்று அடித்துக் கம்பு ஒடிந்தால்? பாய் ஆள் மேல் விழும். மழையும்தான்!

சவுக்குக் கம்பு பலமானது, ஆனால் கனம். தோளில் சுமப்பவருக்குத் தெரியும். கல் மூங்கிலே நல்லது. உள்ளே துளை சிறிது. காற்றுக்கு வளையும், சட்டென்று ஒடியாது.

மூன்று வயது ஆன மூங்கிலாக வாங்குங்கள். இளசை வண்டு துளைக்கும். கீறல் இருந்தால் தள்ளுங்கள். நுனியைக் கணுவை ஒட்டி அறுத்தால் பிளக்காது. அதில் பழந்துணி சுற்றினால் பாய் கிழியாது.

தோட்டத்து மூங்கிலை வெட்ட 2017-ம் ஆண்டில் வனச் சட்டம் தளர்த்தப்பட்டது. காட்டு மூங்கிலில் கை வைத்தால் வழக்குதான்!

உயரம்? உட்கார்ந்தவர் தலைக்கு மேல் ஒரு சாண் போதும்.