அக்கரை விலை, இக்கரை விலை

ஒரே கம்பெனி செய்த ஒரே கைக்கடிகாரம். ஜார்ஜ்டவுன் கடையில் ஒரு விலை. பெரி ஏறிப் பட்டர்வொர்த்தில் இறங்கினால் வேறு விலை! ஒரு காலத்தில் பினாங்கில் இப்படித்தான் இருந்தது. சிறு கடல் ஒன்றைத் தாண்டுவதற்குள் விலை ஏறுவானேன்?

காரணம் சுங்கத் தீர்வை. 1786-இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றியபோது, வணிகக் கப்பல்களை இழுப்பதற்காகத் தீர்வையில்லாத் துறைமுகமாக இதை அமைத்தார். இந்தச் சலுகையால் தீவுக் கடைகளில் வெளிநாட்டுச் சாமான் மலிவு. அதை அக்கரைக்குக் கொண்டுபோகிறவர்கள் சுங்கச் சோதனையைக் கடந்தாகவேண்டும்.

1969-இல் அந்தச் சலுகை எடுக்கப்பட்டது. மலிவு விலை மட்டுமா போயிற்று? அதை நம்பியிருந்த வியாபாரமும் படுத்தது. பலருக்குப் பிழைப்பு போயிற்று. பிறகு 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கியது. அங்கேயும் தீர்வை விலக்குத்தான். ஆனால் அது கடைக்காரருக்கு அல்ல, ஏற்றுமதிக்காகப் பொருள் செய்யும் தொழிற்சாலைகளுக்கு. ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கிடைத்தது.

கார் விலையும் இதே கதைதான். நம் நாட்டில் பெட்ரோல் காருக்குக் கலால் வரி 60 முதல் 105 விழுக்காடு வரை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: வரிக்கு முன் 40,000 வெள்ளி மதிப்புள்ள காருக்கு 60 விழுக்காடு என்றால் 24,000 வெள்ளி வரி. அதுவே 64,000 ஆகிவிட்டது. விற்பனை வரி இன்னும் சேரவில்லை!

இவ்வளவு வரி ஏன்? அரசுக்கு வருமானம் என்பது ஒன்று. உள்நாட்டுத் தொழிலைக் காப்பது மற்றொன்று. 1983-இல் புரோட்டோன் நிறுவனம் அமைந்து, 1985-இல் சாகா கார் வெளிவந்தபோது, வெளிநாட்டுக் கார்களோடு போட்டியிட அதற்கு வரிச் சுவர் துணை நின்றது. தொழிற்சாலையில் பலருக்குச் சம்பளம் கிடைத்தது. வெளிநாட்டுக் கார் வாங்குகிறவர் கூடுதல் விலை கொடுத்தார்.

சிங்கப்பூரில் கார் நம் ஊரைவிடப் பன்மடங்கு விலை. அங்கே சாலை நெரிசலைக் குறைக்க, 1990 முதல் கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழையே ஏலத்தில் எடுக்கவேண்டும். அதன் ஆயுள் 10 ஆண்டு. ஆகவே, விலையைத் தீர்மானிப்பது இரும்பும் ரப்பரும் மட்டுமல்ல. ஒவ்வோர் அரசும் எதை வளர்க்க, எதைக் குறைக்க நினைக்கிறது என்பதும்தான்.

இதில் குடும்பத் தலைவர்கள் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1987 முதல் லங்காவி தீர்வையில்லாத் தீவு. அங்கே வரி கட்டாமல் வாங்கிய காரை, அனுமதி பெற்றுக் குறிப்பிட்ட நாள்களுக்கு மட்டுமே வெளியே ஓட்டலாம். நிரந்தரமாகக் கொண்டுவர வேண்டுமானால் வரியைக் கட்டித்தான் ஆகவேண்டும். "லங்காவி கார், பாதி விலைதான்" என்று யாராவது ஆசை காட்டினால் மயங்காதீர்கள். கார் பறிமுதலானால் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் ஒரே நாளில் போய்விடும்.

விலையைக் கேட்குமுன், "தீர்வை கட்டியாயிற்றா? ரசீது எங்கே?" என்று கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. பணம் உங்களுடையது.