கொண்டை ஊசி வளைவில் நீலப்புள்ளி

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸானாலும் ஏலத்தோட்ட ஜீப்பானாலும், டவர் விட்டுப்போனதும் ‘இனி மேப் ஓடாது’ என்பது வழக்கமான பேச்சு. பாதிதான் சரி. போனில் இருக்கும் வரைபடச் செயலி இரண்டு தனித்தனி அறிவுகளை ஒட்டவைத்த பொருள். நிற்கும் இடத்தை அது வானத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. போகும் வழியை மனிதர்களிடமிருந்து தெரிந்துகொள்கிறது. முதலாவதற்கு டவர் தேவையில்லை. சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஓயாமல் நேரம் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் நான்கின் குரல் காதில் விழுந்தால் போனுக்குப் போதும். (மூன்று ஏன் போதாது? போனின் கடிகாரம் அத்தனை துல்லியமில்லை. ஒரு மைக்ரோநொடி பிசகினாலே 300 மீட்டர் தள்ளிப்போகும். அந்தப் பிசகைக் கண்டுபிடிக்கத்தான் நான்காவது.) டவர் போனால் நம் இடத்தைக் காட்டும் நீலப்புள்ளி அப்படியே இருக்கும், அதன் அடியில் விரிய வேண்டிய படம்தான் வராது. போடியிலேயே அந்தப் பகுதியை ஆஃப்லைன் மேப்பாக இறக்கிக்கொண்டால் அந்தக் குறையும் தீர்ந்தது.

இதில் என்னை அதிகம் ஈர்ப்பது, வளைவுகளில் அந்தப் புள்ளி செய்யும் தந்திரம். திறந்தவெளியிலேயே போனின் கணிப்பு ஐந்து மீட்டர் அளவுக்குத் தவறலாம். மலையிலோ ஒருபக்கப் பாறை பாதி வானத்தை மறைத்துவிடும். அதில் பட்டுத் திரும்பும் அலை தாமதமாக வந்து கணக்கைக் கெடுக்கும். வளைவின் மேல்தடமும் கீழ்த்தடமும் வரைபடத்தில் உரசிக்கொண்டு கிடக்கின்றன. உயரத்தை வைத்துப் பிரிக்கலாமே என்றால், உயரக் கணக்கு இன்னும் மோசம். செயற்கைக்கோள்கள் எல்லாம் தலைக்கு மேலேதான். காலுக்குக் கீழிருந்து ஒத்துப்பார்க்க ஒன்றுமில்லை. அதனால் செயலி ஊகிக்கிறது. சற்று முன் எங்கே இருந்தது, எந்தத் திசை, என்ன வேகம் என்று பார்த்து, வரிசை விலகி நிற்கும் பையனைத் தோளைப் பிடித்து உள்ளே தள்ளும் வாத்தியார்போல, கிடைத்த புள்ளியைச் சாலைக்கோட்டின்மேல் இழுத்து வைத்துவிடுகிறது. திரையில் சாலையோடு ஒட்டிப்போகும் புள்ளி இப்படித் திருத்தி வைக்கப்பட்டது. ஆனால் தயக்கமே இல்லாமல் நகர்வதால் நாம் அதை அளந்து சொன்னதாக நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கையை வழிக்கும் நீட்டிவிடுகிறோம்.

அங்கேதான் வினை. 2024 ஜனவரியில் நீலகிரி மாவட்டக் கூடலூரில் செயலி காட்டிய வழியே போன கார் ஒன்று படிக்கட்டில் இறங்கி மாட்டிக்கொண்டது. அதே ஆண்டு நவம்பரில் உத்தரப்பிரதேசத்தின் பரேலி அருகே, பாதியோடு நின்ற பாலத்திலிருந்து கார் ஆற்றுக்குள் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். கார் எங்கே இருக்கிறது என்பது போனுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்; பாலத்தின் நிலைதான் தெரியவில்லை. பயண நேரத்தையும் செயலி, முன்னே போன போன்களின் வேகத்தைப் பார்த்தே சொல்கிறது. ஆள் குறைந்த பாதையில், மூடுபனி இறங்கிய மாலையில், அதன் சொல்லுக்கு என்ன மதிப்பு? நடைபாதைகளிலும் இதே குறைதான். போடிக்கு அருகிலுள்ள குரங்கணியிலிருந்து மலைமேல் இருக்கும் டாப் ஸ்டேஷன் நேர்கோட்டில் சில கிலோமீட்டர்தான். ஒரு காலத்தில் மூணாறு தேயிலை அங்கிருந்து கொட்டகுடிக்குக் கயிற்றுப்பாதையில் இறங்கியது. வண்டியில் போவதானால் போடிமெட்டு, மூணாறு என்று மலையையே சுற்ற வேண்டும். இடையிலுள்ள நடைபாதைகளை வரைபடம் மார்ச்சிலும் நவம்பரிலும் ஒரே கோடாகத்தான் காட்டும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலைச்சரிவில் பற்றிய காட்டுத்தீ 23 உயிர்களைக் குடித்தது. அதற்குச் செயலியைக் குறைசொல்ல முடியாது. ஆனால் சருகு காய்ந்திருப்பதைச் சொல்ல அந்தக் கோட்டுக்கு வழியில்லை என்பதை மலையேறுகிறவர் மறக்கக் கூடாது.

உள்ளூர்க்காரருக்கு மேப் எதற்கு என்று கேட்கலாம். அவர் அதைப் படிக்க வேண்டியதில்லை, எழுத வேண்டும். எந்த எஸ்டேட் பாதை மழையில் அறுந்துபோகும், எதில் ஜீப் மட்டுமே ஏறும் என்பதெல்லாம் அவர் நாவில் இருக்கிறது, வரைபடத்தில் இல்லை. மேப் கம்பெனி சம்பாதிக்க நாம் ஏன் உழைக்க வேண்டும் என்ற கேள்வியும் நியாயமானதே. அப்படி நினைப்பவர்களுக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இருக்கிறது. 2004-இல் தொடங்கியது, யாரும் திருத்தலாம், யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். சாலையை மூடும் துறைகள் மூடிய அன்றே வரைபடத்திலும் மூடச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? அதுவரை, எளிய பயன் ஒன்றையாவது எல்லோரும் பழகிக்கொள்ளலாம். தோட்டத்துக்குள் ஒருவரைப் பாம்பு கடித்துவிட்டால், ‘பெரிய பாறைக்கு மேலே இரண்டாவது லயம்’ என்று 108 ஆம்புலன்ஸுக்கு வழி சொல்லித் திணறாமல், நிற்கும் இடத்தைத் திரையில் அழுத்திப் பிடித்து, அங்கே வரும் இரண்டு எண்களை (அட்சரேகை, தீர்க்கரேகை) வாசித்துக்காட்டலாம்.