பிள்ளைகளோடு பரங்கிப்பேட்டைக்கு!

சிதம்பரம் போனால் நடராஜர் தரிசனம், பிச்சாவரத்தில் படகு, அதோடு திரும்பிவிடுகிறோம். அருகிலேயே பரங்கிப்பேட்டை இருக்கிறதே! கடலூரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம். அங்குள்ள அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளையும் மாமியாரையும் அழைத்துக்கொண்டு போனோம்.

கடலூர்க்காரர்களான எங்களுக்கு ஞாயிறு மாலை என்றால் தேவனாம்பட்டினம் கடற்கரைதான். வாண்டுகள் கையில் கிடைத்ததையெல்லாம் பொறுக்கும். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று நமக்குத் தெரிய வேண்டாமா?

கண்ணாடி ஜாடியில் கடல்பாம்பு. "தண்ணிப் பாம்புக்கு ஏதும்மா விஷம்?" என்றார் மாமியார். அது ஆற்றுத் தண்ணீர்ப் பாம்புக்குப் பொருந்தும். கடல்பாம்புக்குக் கடும் விஷம் உண்டு. துடுப்புபோல் தட்டையான வால்தான் அடையாளம். மணலில் செத்ததுபோல் கிடந்தாலும் தொடக்கூடாது. கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

அடுத்து, உடலை உப்ப வைத்துக்கொள்ளும் பேத்தை மீன். ஈரலிலும் சினையிலும் விஷம். எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் அந்த விஷம் போகாது. பெயர் தெரியாத மீன் மலிவாகக் கிடைத்தாலும் குழம்புக்கு வாங்காதீர்கள்.

அழகான கூம்புச் சங்குகளைக் கண்டு மகள் குதித்தாள். உள்ளே பூச்சி உயிரோடிருந்தால் ஊசிபோன்ற பல்லால் விஷத்தை ஏற்றிவிடும். சில வகை ஆளையே கொல்லும். அந்த விஷத்தைப் பார்த்துச் செய்த வலி மருந்துக்குத்தான் அமெரிக்காவில் 2004-ல் அனுமதி கிடைத்தது! வெறும் கூடு என்று நிச்சயமாகத் தெரிந்த பிறகே சங்கைக் கையில் எடுக்கச் சொல்லுங்கள்.

கடல்குதிரையிடம் எல்லோரும் நின்றுவிட்டோம். பெண் குதிரை முட்டையை ஆணின் வயிற்றுப் பையில் இட்டுவிடும். சுமப்பதும் பெறுவதும் அப்பாதான். "கேட்டுக்கடா!" என்று மாமியார் தம் மகனைப் பார்த்துச் சிரித்தார். 2001-லிருந்து சட்டம் காக்கும் உயிர் இது. காயவைத்து விற்றாலும் வாங்கினாலும் குற்றம்.

ஆராய்ச்சி நடக்கும் இடமாதலால் முன்கூட்டியே கேட்டு, அனுமதி பெற்றுப் போங்கள். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள். படம் வரைந்து பார்த்த மீனைக் கடற்கரையில் அவர்களே உங்களுக்குக் காட்டிக் கொடுப்பார்கள்.