தோல் உரியாத பல்லியும் ரொறொன்ரோக் குளிரும்

கேகாலைத் தோட்டங்களில் ரப்பர் மரங்களுக்கிடையே பாம்புச் சட்டை கிடப்பது புதினமில்லை. விடியற்காலையில் பால் வெட்டப் போகிறவர்கள் அதைக் கண்டால் ஒரு கணம் நின்று, சுற்றிலும் பார்த்துவிட்டு நடப்பார்கள். லயத்துச் சுவரில் திரியும் பல்லிகளும் தோல் உரிக்கின்றன. அதை யாரும் கவனிப்பதில்லை. உரித்த தோலைப் பல்லியே தின்றுவிடும் என்பதும் ஒரு காரணம்.

ஆகவே, போன மார்கழியில் ரொறொன்ரோவிலிருந்து அக்காவின் பேரன் வாட்ஸ்அப்பில் அழைத்து, தன் பல்லிக்குத் தோல் உரியவில்லை என்று அழுதபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அக்கா குடும்பம் 1977 கலவரத்துக்குப் பின் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போனது. போர் முடிந்த பின் மருமகன் கனடா போய்ச் சேர்ந்தான். அவர்களுடைய மாடிக் குடியிருப்பில் நாய் வளர்க்க இடமில்லை. பிள்ளைக்குக் கிடைத்தது ஒரு புள்ளிப் பல்லி. லெப்பர்ட் கெக்கோ என்று கடைகளில் விற்பார்கள். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கத்து வறண்ட நிலத்துப் பிராணி.

கமராவை அருகே கொண்டுபோய்க் காட்டினான். முன்காலில் இரண்டு விரல்களில் வெள்ளை நூல் சுற்றியது போலப் பழைய தோல் இறுகிக் கிடந்தது.

“தாத்தா, இழுத்து எடுக்கவா?”

வேண்டாம் என்றேன். நம் தோல் நாளும் பொடிப்பொடியாக உதிர்கிறது. பாம்பும் பல்லியும் வெளித்தோலை ஒரே தடவையில் கழற்றுகின்றன. அடியில் புதுத்தோல் உருவானதும் இரண்டுக்கும் நடுவே நீர் கசிந்து அவற்றைப் பிரிக்கும். அந்த நாட்களில் பாம்பின் கண் பால் படிந்தாற்போல மங்குவது அதனால்தான். பிரியாத இடத்தில் இழுத்தால் புதுத்தோலும் சேர்ந்து கிழியும். பாம்பின் கண்ணை மூடியும் ஒரு கண்ணாடிச் செதில் உண்டு; அது உரியாமல் நின்றால் நெம்பக்கூடாது, கண்ணே போய்விடலாம். பாம்பு வளர்ப்பவர்கள் கழற்றிய சட்டையில் அந்த இரண்டு வட்டங்களும் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

அதற்காக அப்படியே விட்டுவிடவும் முடியாது. காய்ந்த தோல் சுருங்கி விரலை இறுக்கும். இரத்த ஓட்டம் நின்றால் விரல் கறுத்து விழும்.

இங்கே நாம் இருப்பது ஈரவலயம். ஆண்டுக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. தோல் உரிய யாருடைய உதவியும் தேவையில்லை. அங்கே குளிர்காலம் முழுவதும் ஹீட்டர் ஓடி, வீட்டுக் காற்று காய்ந்து கிடக்கிறது. “வறண்ட நாட்டுப் பிராணிக்கு ஈரம் எதுக்கு மாமா?” என்று மருமகன் கேட்டான். நியாயமான கேள்வி. அந்தப் பல்லி பகலெல்லாம் வளையிலும் கல்லிடுக்கிலும் கிடக்கும். வெளியில் இல்லாத ஈரம் அங்கே இருக்கும். கண்ணாடித் தொட்டிக்குள் அந்த வளையைத்தான் செய்து கொடுக்க வேண்டும். மூடியுள்ள சிறு பிளாஸ்டிக் பெட்டி போதும். பக்கத்தில் நுழைய ஒரு துளை, விளிம்பு கீறாதபடி தேய்த்தது. உள்ளே நனைத்துப் பிழிந்த கடதாசித் துவாய். தொட்டி முழுவதையும் நனைத்து வைத்தால் பூஞ்சணமும் சளி நோயும்தான் வரும். உடம்பைத் தேய்க்கச் சொரசொரப்பான கல் ஒன்றும் வேண்டும்.

அன்றைக்கு உடனடியாகச் செய்தது: பாதம் மட்டும் மூழ்கும் அளவு வெதுவெதுப்பான நீரில் 15 நிமிடம் நிற்கவைத்து, ஈரப் பஞ்சுக் குச்சியை விரலின் அடியிலிருந்து நுனிக்கு மெல்ல உருட்டினார்கள். ஒரு விரலில் தோல் கழன்றது. மற்றது ஏற்கெனவே கறுத்திருந்தது. மிருக வைத்தியரிடம் கொண்டுபோயும் நுனியைக் காப்பாற்ற முடியவில்லை. திரும்பத் திரும்பத் தோல் ஒட்டிக்கொண்டால் விற்றமின் ஏ குறைவு, உண்ணிப் பூச்சி போன்றவற்றையும் பார்க்க வேண்டும் என்றாராம் வைத்தியர்.

இதை வாசித்துவிட்டு இங்கே யாரும் காட்டில் ஒன்றைப் பிடித்து வளர்க்கப் புறப்பட வேண்டாம். 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நம் நாட்டு ஊர்வனவற்றில் பெரும்பாலானவற்றைக் காக்கிறது.

அடுத்த முறை பல்லி வெளுக்கத் தொடங்கிய அன்றே பேரன் அழைத்தான். பெட்டியைப் புதிதாக நனைத்து வை, கையில் எடுக்காதே என்றேன். மறுநாள் காலையில் தொட்டியில் தோலே இல்லையாம்.

“எல்லாத்தையும் தின்னிட்டுது தாத்தா.”