வைத்தியர் செகாவின் குருமார்கள்

பொது வாழ்வில் ஈடுபட்டோரிடம் ஒரு வழக்கம் உண்டு. எழுத்தாளன் ஒருவனைக் கண்டால், "இவன் எந்தக் கட்சி?" என்பதே அவர்களுடைய முதற் கேள்வி. கொடி பிடியாதவனுக்குக் கொள்கையே கிடையாது என்று தீர்ப்பும் கூறிவிடுவார்கள். 1890-ஆம் ஆண்டில் ருஷியாவில் ஆன்டன் செகாவ் என்னும் வைத்தியருக்கு இந்தத் தீர்ப்பே கிடைத்தது. 'ருஸ்கயா மிஸ்ல்' என்ற மாஸ்கோ மாதப் பத்திரிகை, கொள்கையற்ற எழுத்தாளர் கூட்டத்தில் அவரையும் சேர்த்து எழுதிற்று. செகாவ் மனம் நொந்து பத்திரிகைக்காரருக்குக் கடுமையாக ஒரு கடிதம் எழுதினார். அதே மாதத்தில், ருஷிய சர்க்கார் கைதிகளை நாடு கடத்திவந்த சகலின் தீவை நோக்கிப் புறப்பட்டும் விட்டார். இவருக்குக் கொள்கை இருந்ததா? இருந்ததெனில் அதை யாரிடம் கற்றார்? இதை ஆராய்வது நமக்குப் பயன் தரும் என்று கருதுகிறோம்.

செகாவின் பாட்டனார் பண்ணையடிமை. 1841-இல் தம் குடும்பத்தாருக்கும் தமக்கும் பணம் கட்டி விடுதலை வாங்கியவர். தகப்பனார் தகன்ராக் என்னும் துறைமுகப் பட்டணத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். அங்கே 1860-இல் செகாவ் பிறந்தார். தகப்பனாருக்குத் தேவாலய சங்கீதத்தில் அளவு கடந்த மோகம். பிள்ளைகளை அடித்தும் அதட்டியும் பாடகர் குழுவில் நிறுத்தினார். பார்த்தவர்கள் மனமுருகினர்; பாடிய சிறுவர்களோ தங்களைச் சிறு கைதிகளாகவே எண்ணிக்கொண்டனர் என்று பிற்காலத்தில் செகாவ் எழுதினார். சங்கீதம் அவருக்கு முதலில் தண்டனையாகவே வந்தது. ஆயினும் அது பழக்கிய செவி கடைசிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

1876-இல் கடை முறிந்தது. தகப்பனார் கடன்காரருக்கு அஞ்சி மாஸ்கோவுக்கு ஓடினார். 1879-இல் மகன் மாஸ்கோ சர்வகலாசாலையில் வைத்தியம் படிக்கச் சேர்ந்தார். குடும்பத்தைக் காப்பாற்ற ஹாஸ்யப் பத்திரிகைகளுக்குப் புனைபெயரில் வரிக்கு இத்தனை கோபெக் என்ற கூலிக்குக் கதை எழுதினார். 1884-இல் பட்டம் பெற்றார். அவ்வாண்டு முடிவதற்குள் அவருக்கே இருமலில் இரத்தம் கண்டது.

சர்வகலாசாலையில் அவருக்கு வாய்த்த ஆசிரியர்களுள் ஜகாரின் என்பவர் பேர்போனவர். மருந்தைப் பற்றி யோசிக்குமுன் நோயாளியின் வீடு, தொழில், உணவு, பழக்கம் யாவற்றையும் வினவி அறியவேண்டும் என்பது அவருடைய முறை. செகாவின் கதைகளைப் படிப்போர் இந்த முறையையே அவற்றில் காண்பர். யாரையும் அவர் தூற்றுவதில்லை, போற்றுவதுமில்லை. கேட்கிறார், பார்க்கிறார், குறித்துக்கொள்கிறார். உடன் படித்த நரம்பு நோய் வைத்தியர் ரோஸலிமோவுக்காக 1899-இல் எழுதிய சுயசரிதைக் குறிப்பில், வைத்தியம் தம் பார்வையை விரிவாக்கியதென்றும், பல பிழைகளினின்றும் தம்மைக் காத்ததென்றும் அவரே ஒப்புக்கொண்டார்.

எழுத்தில் அவரைத் தட்டியெழுப்பியவர் மூத்த ஆசிரியர் கிரிகரோவிச். திறமையை அவசர வேலையில் வீணாக்காதே என்று 1886-இல் அவர் எழுதிய கடிதம் செகாவை உலுக்கிற்று. சித்திரமோ வீட்டிலேயே இருந்தது. சகோதரர் நிகொலாய் ஓவியர். அவருடன் பயின்ற லெவிதான் செகாவின் அத்தியந்த நண்பரானார். லெவிதான் 1892-இல் தீட்டிய 'விளதிமிர்க்கா' என்ற படத்தில் சாம்பல் வானமும் நீண்ட மண் சாலையுமே பிரதானம். கைதிகளைச் சைபீரியாவுக்கு நடத்திச் சென்ற சாலை அது. படத்தில் ஒரு கைதியும் இல்லை. பார்ப்பவனுக்கோ விலங்கின் ஓசை கேட்கிறது. சொல்லாமல் விடுவதன் வலிமையை நண்பர் இருவருமே அறிந்திருந்தனர்.

சங்கீத மேதை சைகோவ்ஸ்கி 1889-இல் செகாவின் வீடு தேடி வந்தார். மறு ஆண்டு தம் கதைத் தொகுதியொன்றைச் செகாவ் அவருக்குச் சமர்ப்பித்தார். சங்கீதமும் வைத்தியமும் சேர்ந்து விளைந்த கதை, 1894-இல் வெளிவந்த 'ரோத்ஸ்சைல்டின் பிடில்'. சவப்பெட்டி செய்யும் கிழவன் யாகோவ், நோயுற்ற மனைவியை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்கிறான். அங்குள்ள உதவி வைத்தியன் அவளைச் சரியாகப் பார்க்காமலே ஏதோ பொடி கொடுத்து அனுப்பிவிடுகிறான். பணக்காரிக்கானால் அட்டை விட்டிருப்பாயே என்று பொருமிக்கொண்டு கிழவன் திரும்புகிறான். உயிரோடிருக்கும் மனைவிக்கே அளவெடுத்துப் பெட்டி செய்து, 2 ரூபிள் 40 கோபெக் என்று கணக்கிலும் எழுதுகிறான். வீணாய்ப்போன வாழ்வு பின்னர் அவன் பிடிலில் அழுகிறது. ஏழை வைத்தியசாலைகளைக் குறித்து நூறு பிரசங்கங்கள் சாதிக்காததை இந்தச் சிறு கதை சாதிக்கிறது.

இனி சகலினுக்கு வருவோம். அக்காலத்தில் சைபீரிய ரயில்பாதை கிடையாது. நுரையீரல் நோயுள்ள மனிதர் வண்டியிலும் படகிலுமாக ஏறக்குறைய மூன்று மாதம் பிரயாணம் செய்தார். தீவில் மூன்று மாதத்துக்குமேல் தங்கி, வீடு வீடாக நுழைந்து, ஒவ்வொருவருடைய பெயர், வயது, மதம், பிறந்த ஊர், தொழில், எழுத்தறிவு ஆகியவற்றைச் சீட்டுகளில் குறித்தார். சீட்டுகள் சுமார் பத்தாயிரம். ஜகாரின் ஒரு நோயாளியிடம் கேட்டதை இவர் ஒரு தீவினிடமே கேட்டார் எனலாம்.

அங்கே ஒரு கைதிக்குத் தொண்ணூறு கசையடி கொடுக்கப்படுவதைக் கண்டார். அடிக்குமுன் ஒரு வைத்தியர் வந்து, எத்தனை அடி தாங்குவான் என்று தீர்மானிக்கக் கைதியின் மார்பில் காதை வைத்துக் கேட்டார். ஒரு நிமிஷத்தில் முடிவு செய்து எழுத உட்கார்ந்தார். உயிரைக் காக்கக் கற்ற வித்தை கசைக்கு அளவுகோலாயிற்று! இதைச் செகாவ் ஆத்திரச் சொல் ஒன்றுமின்றி அப்படியே எழுதி வைத்தார். படிப்பவர் நெஞ்சில் ஆத்திரம் தானே மூள்கிறது.

திரும்பும் வழியில் நம் அண்டையிலுள்ள இலங்கையில் இறங்கிக் கொழும்பையும் கண்டியையும் கண்டு, அதைச் சுவர்க்கமென்று வியந்தார். ஆனால் சுவர்க்கம் நரகத்தை மறக்கச் செய்யவில்லை. சகலின் நூல் 1893 முதல் தொடராக வெளிவந்தது. எந்தப் பத்திரிகையில்? அவரைக் கொள்கையற்றவரென்ற அதே 'ருஸ்கயா மிஸ்'லில்! துன்பத்தைத் தத்துவம் பேசித் தள்ளிவிட்ட ஒரு வைத்தியர், கடைசியில் தம் வைத்தியசாலையிலேயே அடைபட்டு மடியும் 'ஆறாம் எண் வார்டு' கதையையும் 1892-இல் அதே பத்திரிகைதான் வெளியிட்டது. அதைப் படித்த இளைஞர் லெனின் அறையில் இருக்க முடியாமல் எழுந்து வெளியேறினார் என்று அவருடைய சகோதரி எழுதியிருக்கிறார்.

அந்த 1892-இலேயே வாந்திபேதி பரவிற்று. கதை எழுதுவதை ஒதுக்கிவிட்டு, 25 கிராமங்கள், 4 ஆலைகள், ஒரு மடம் ஆகியவற்றின் பொறுப்பைச் சம்பளமின்றி ஏற்றார் செகாவ். பின்னர் குடியானவர் பிள்ளைகளுக்கு மூன்று பள்ளிக்கூடங்கள் கட்டுவித்தார். 1902-இல், கார்க்கி கலாசங்க அங்கத்தினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதைச் சர்க்கார் தரப்பு ரத்துச் செய்தபோது, தம் அங்கத்தினர் பதவியைத் துறந்தார். 1904-இல் 44-ஆம் வயதில் காசநோயால் காலமானார்.

இவருக்கா கொள்கையில்லை? வைத்தியம் அவருக்கு உண்மையைக் காணக் கற்பித்தது. சித்திரம் மிகைபடாமல் காட்டக் கற்பித்தது. சங்கீதம் பிறர் துயரைக் கேட்கக் கற்பித்தது. எழுத்து இம்மூன்றையும் உலகுக்கு வழங்கிற்று. ஜனங்களுக்காகப் பேசப் புறப்படும் அன்பர்கள், மேடை ஏறுமுன் ஒரு தெருவிலாவது வீடு வீடாக நுழைந்து, அங்குள்ளோர் படும் பாட்டைக் கேட்டறிந்து வருவார்களாக. அதன்பின் அவர்கள் பேச்சுக்குத் தனி வலிமை பிறக்கும் என்பதில் ஐயமில்லை.