ஐந்து நாள் பனிச்சறுக்கும் அதற்கான கடதாசிகளும்

பனிச்சறுக்கு என்பது எங்களில் பலருக்கு வட்ஸ்அப்பில் வரும் படம். சுவிஸில் உள்ள உறவுகளின் பிள்ளைகள் தலைக்கவசத்தோடு வெள்ளை மலையில் நிற்பார்கள். படம் எடுக்கும் தகப்பன்மாரில் பலர் சறுக்கியதே இல்லை. எண்பதுகளில் போய் உணவகச் சமையலறைகளில் நின்றவர்களுக்குப் பனி என்பது விடியற்காலையில் வழுக்கி விழாமல் வேலைக்குப் போவதுதான்.

வருகிற பெப்ரவரியில் நானும் மனைவியும் ஐந்து நாட்கள் அங்கே போகத் திட்டமிடுகிறோம். அண்ணா பேர்ண் நகருக்கு அருகில் வசிக்கிறார். அவர் அங்கீகரிக்கப்பட்ட அகதி. அந்த அந்தஸ்து உள்ளவர் தப்பி வந்த நாட்டுக்குப் பயணம் செய்ய சுவிஸ் சட்டம் தடை விதிக்கிறது; விதிவிலக்குகள் மிகக் குறைவு. எங்கள் கல்யாணத்தையும் அவர் வீடியோவில்தான் பார்த்தார். ஆகவே நாங்கள்தான் போகவேண்டும். பனிச்சறுக்கு அண்ணியின் யோசனை. "வீட்டுக்குள்ள இருந்து சோறு சாப்பிட்டுப் போறதெண்டால் ஏன் இவ்வளவு தூரம் வாறியள்?" என்றார்.

மலையை விடக் கடினமானது விசா. ஷெங்கன் குறுங்கால விசாவுக்கு ஒருவருக்கு 90 யூரோ. நிராகரித்தாலும் அந்தப் பணம் திரும்பாது. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். முடிவு வழமையாக 15 நாளில் வரும், 45 நாள் வரையும் இழுபடலாம். பெப்ரவரிப் பயணத்துக்கு நவம்பரிலேயே கொழும்பு போய்க் கைரேகை கொடுப்பது நல்லது. விசா கைக்கு வரும்வரை விமானச் சீட்டுக்கு முழுப் பணம் கட்டாதீர்கள், முற்பதிவு போதும்.

தம்பதியாகப் போனாலும் விண்ணப்பம் தனித்தனி. ஒருவருக்குக் கிடைத்து மற்றவருக்குக் கிடைக்காமல் போகலாம். மனைவி வங்கியில் வேலை செய்கிறார். சம்பளச் சீட்டு, ஊழியர் சேமலாப நிதிக் கூற்று, விடுமுறைக் கடிதம் என்று அவருடைய கோப்பு ஒரே நாளில் முடிந்தது. சுயாதீன ஊடகவியலாளனான எனக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. கட்டுரைகளுக்கான கொடுப்பனவுகள், ஆறு மாத வங்கிக் கூற்று, வரிப் பதிவு என்று துண்டு துண்டாகச் சேர்க்கிறேன். எங்களைப் போன்றவர்களுக்கு வரக்கூடிய நிராகரிப்புக் காரணம் 'விசா முடிய முன் திரும்பிப் போவார் என்பதில் நியாயமான சந்தேகம்'. அதற்குப் பதில் இந்தக் கோப்புத்தான். இடம்பெயர்வில் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்து, பிறகு எடுத்த பிரதியில் பெயரின் எழுத்து மாறிப்போனவர்கள் எங்களில் நிறையப்பேர். கடவுச்சீட்டோடு ஒப்பிட்டு அதை முதலில் சரிசெய்யுங்கள். அங்கே உறவினர் இருப்பதை மறைக்கச் சொல்லும் முகவர்களை நம்பவேண்டாம். விண்ணப்பமும் நிராகரிப்பும் ஷெங்கன் தரவுத்தளத்தில் 5 வருடம் இருக்கும். அடுத்த முறை எந்த நாட்டில் விண்ணப்பித்தாலும் தெரியும்.

எங்கள் பணம் போதாது என்று அதிகாரிகள் கருதினால், அழைப்பவரிடம் பொறுப்புறுதிப் பத்திரம் கேட்பார்கள். நாங்கள் அங்கே விட்டுச்செல்லும் வைத்தியச் செலவு, தங்கும் செலவு, திருப்பி அனுப்பும் செலவு ஆகியவற்றை 30,000 பிராங் வரை அவர் கட்டவேண்டும். 'அண்ணாதானே, ஒரு கையெழுத்துப் போடட்டும்' என்று எங்கள் வீடுகளில் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். வாடகையும் பிள்ளைகளின் படிப்பும் சுமக்கும் ஒருவரிடம் அதைக் கேட்க எனக்கு மனமில்லை. அதனால்தான் பத்து நாள் திட்டத்தை ஐந்தாகக் குறைத்தோம்.

காப்புறுதியில் இன்னொரு பொறி. விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதி வேண்டும். ஆனால் மலிவான பல பயணக் காப்புறுதிகளில் குளிர்கால விளையாட்டு சேராது. கால் முறிந்து மலையிலிருந்து ஹெலிகொப்டரில் இறக்கினால் அந்தச் செலவு உங்களுடையது. அந்த வசனம் பத்திரத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கிரிண்டல்வால்ட் பக்கம் போக நினைக்கிறோம். பெப்ரவரியில் சுவிஸ் பாடசாலைகளின் விளையாட்டு விடுமுறை மாநிலத்துக்கு மாநிலம் வேறு கிழமைகளில் வரும். அந்தக் கிழமையில் கூட்டமும் விலையும் கூடும். சறுக்குத் தடங்களில் நீலம் இலகு, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். புதியவர்களுக்கு நீலமே பிந்தித்தான். முதல் நாள் முழுக்க, நகரும் பட்டியில் ஏறி, சிறு சரிவில் இறங்கப் பழகவேண்டும். ஆகவே முழு மலைக்குமான ஏற்றச் சீட்டை அன்று வாங்குவது வீண்காசு. சப்பாத்து, சறுக்குப் பலகை, தலைக்கவசம் எல்லாம் வாடகைக்கு உண்டு. ஜீன்ஸ் மட்டும் வேண்டாம், நனைந்தால் விறைத்துவிடும். நீர்புகாத காற்சட்டை இரண்டை அண்ணியின் பிள்ளைகளிடம் இரவல் கேட்டிருக்கிறோம்.